நான் ஃபெயில் போட்ட புதிர்கள்

முதுகுவலி முதலில் வந்தது ரயிலில்தான். மும்பையில் மாட்டுங்காவில் ஏறி, கடைசி ஸ்டேஷனான வி.டி.யில் இறங்குவதற்குள் ஆங்கிலப் பேப்பரின் குறுக்கெழுத்துப் புதிரை முடிப்பது, பெண்கள் பெட்டியில் எங்கள் கூட்டத்தின் வழக்கம். அன்று குனிந்து எழுதியவளால் நிமிர முடியவில்லை. நெரிசலில் வந்த வலி என்று தைலம் தடவிக் காலத்தைக் கடத்தினேன். கால்கள் மரத்துப்போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதுகெலும்பில் காசநோய் என்றார்கள் (நுரையீரலுக்கு வரும் அதே கிருமி எலும்பை அரிப்பது).

அக்குளிலிருந்து இடுப்பு வரை மாவுக்கட்டு. வீட்டில் மல்லாந்த படுக்கை. இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கட்டுக்குள் அரித்தால் விரல் போகாது. அழுதால் கண்ணீர் காதுக்குள் இறங்கும்.

எனக்கென்று மிச்சமிருந்தது கண்ணும் அந்தப் புதிரும்தான். செம்பூரில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் என் கணவர், கிளம்புமுன் பேப்பரை அட்டையில் கிளிப் போட்டுக் கையில் தருவார். மல்லாந்து எழுதினால் பால்பென்னில் மை இறங்காது என்று பென்சில் சீவி வைப்பார்.

இந்த வகைப் புதிரில் குறிப்பு ஒரு பக்கம் கை காட்டும், விடை வேறு பக்கம் ஒளிந்திருக்கும். அதனால் முடிப்பதோடு எங்கள் கூட்டம் நிற்காது. புதிர் போட்டவர் நியாயமாக ஒளித்தாரா, ஏமாற்றினாரா என்று அலசி, வி.டி. வருவதற்குள் பாஸ் அல்லது ஃபெயில் சொல்லிவிடுவோம். முகம் தெரியாத அந்த மனிதருக்கு அதிகம் ஃபெயில் போட்டவள் நான்தான். படுக்கையிலும் விடவில்லை. பெட்டித் தோழி ஜெயா, சனிக்கிழமைகளில் வந்து என் தீர்ப்புகளைக் கேட்டுவிட்டுப் போவாள்.

சில மாதங்கள் போனதும் புதிர்கள் மோசமாகிக்கொண்டே வந்தன. கட்டத்தில் எண்கள் தப்பாக இருந்தன, அச்சு தேய்ந்திருந்தது. வரிசையாக ஃபெயில் போட்டேன். எதிர்ச் சுவரில் மளிகைக் கடையில் கொடுத்த காலண்டர் தொங்கியது. அதில் ஞாயிற்றுக்கிழமைகளின் சிவப்பு வெளுத்துப் பழுப்பாகிவிட்டது. ஓசிக் காலண்டர் வேறு எப்படி இருக்கும் என்று அதையும் திட்டினேன். எல்லா நாளும் ஒரே நிறமாகிப்போனது எனக்கு விசித்திரமாகவே படவில்லை. படுத்துக்கிடப்பவளுக்கு ஞாயிறு ஏது.

ஒரு சனிக்கிழமை ஜெயா வந்ததுமே ஆரம்பித்தேன். "எட்டாம் நம்பரை ரெண்டு எடத்துல போட்டிருக்கான்டி. இவனுக்கென்ன கண்ணு தெரியலையா?"

ஜெயா கைப்பையிலிருந்து தன் பேப்பரை எடுத்துப் பார்த்தாள். என்னுடையதை வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"மேல இருக்கறது மூணுடி. பிரிண்ட் நன்னாத்தான் இருக்கு. போன வாரமும் நன்னாத்தான் இருந்தது. படுத்திண்டிருக்கறவகிட்ட என்ன வாதம்னு சும்மா இருந்துட்டேன்," என்றாள்.

ஒரு கண்ணைப் பொத்திக் காலண்டரைப் பார்த்தேன். மறு கண்ணைப் பொத்திப் பார்த்தேன். எதிலும் ஞாயிறு சிவப்பாக இல்லை.

டாக்டரிடம் சொன்னதும் காரணம் தெரிந்தது: எதாம்புடால் (காசநோய்க் கிருமியைப் பெருகவிடாமல் தடுக்கும் மாத்திரை). அபூர்வமாகச் சிலருக்கு அது பார்வை நரம்பைத் தாக்கும். பார்வையில் மாற்றம் தெரிந்தால் உடனே சொல்லுங்கள் என்று டாக்டர் ஆரம்பத்திலேயே எச்சரித்திருந்தார். நான் இருட்டை எதிர்பார்த்திருந்தேன். அது மட்டமான அச்சாக வந்தது. அடுத்தவரிடம் குற்றம் கண்டுபிடித்தே பழகிய எனக்கு, கோளாறு என் பக்கம் இருக்கும் என்று தோன்றவே இல்லை.

மாத்திரையை நிறுத்தி வேறு மருந்து கொடுத்தார்கள். பார்வை திரும்புமா என்று கேட்டேன். "பெரும்பாலும் திரும்பும். மாதங்கள் ஆகலாம். உறுதி சொல்ல மாட்டேன்," என்றார் டாக்டர். கட்டுக்குள் உடம்பு, புகைக்குள் கண். அந்த நாட்களில் எனக்கு இருந்த பயத்தை இன்றும் முழுதாகச் சொல்ல முடியாது. கால் வராவிட்டால் உட்கார்ந்தாவது படிப்பேன் என்று அதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

குறுக்கெழுத்தை வெட்டி வேலை என்று சொல்லிவந்த என் கணவர், மாலையில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு குறிப்புகளை வாசித்தார். விடை எத்தனை எழுத்து, எது எதை வெட்டுகிறது என்று என் உள்ளங்கையில் விரலால் கட்டம் போட்டுக் காட்டினார். ஒருநாள் பாதியில் பேப்பரை மடித்தார்.

"ஒரு எழவும் புரியலை. ஃபெயில் போட்டுடலாமா?"

"வேண்டாம். பாஸ் போடுங்கோ," என்றேன். கண்ணீர் காதுக்குள் இறங்கியது. அவர் துண்டு நுனியைத் திரித்து இரண்டு காதையும் துடைத்துவிட்டார்.

கட்டு பிரித்தபோது என் முதுகு யாருடையதோ போல இருந்தது. நடக்கப் பழகினேன். எண்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன, சிவப்பு கடைசியாக வந்தது. இப்போது மறுபடியும் அதே ரயில், இடுப்பில் பெல்ட்டோடு. அச்சு கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பேப்பரைப் பக்கத்தில் இருப்பவளிடம் நீட்டி, உனக்கும் அப்படித்தான் தெரிகிறதா என்று கேட்கிறேன். பெட்டியே கேலி செய்கிறது.

தினமும் விழித்ததும் எழுந்துவிடுவதில்லை. மல்லாந்தபடியே ஒரு கண்ணைப் பொத்திக் காலண்டரைப் பார்க்கிறேன், பிறகு மறு கண்ணை. திங்களோ புதனோ, அன்று என்ன கிழமை என்பது முக்கியமில்லை. ஞாயிறு சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காலைத் தரையில் வைக்கிறேன்.