வட்டத்துக்குள் ஆறு எழுத்து

செல்வமேரி கோவளத்துக் கடற்கரையில் பிறந்தவள். வடக்குப்பட்டுத் தாவீதுக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு பிழைப்பு செங்கல் சூளை என்றானது. அங்கே கல் சுமந்துகொண்டிருந்தபோதுதான் முதல் கரு கலைந்தது. இப்போது மறுபடி வயிற்றில் பிள்ளை. பாரம் தூக்கினால் இதுவும் தங்காது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள். தூக்காவிட்டால் அடுப்பு எரியாது.

அந்த வருஷம், 1991 நவம்பர் புயலில், அவள் தம்பி டெனிசன் போன படகு திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கோவளத்தில் எல்லோரும் அழுது முடித்துவிட்டார்கள். இறந்தவனுக்கான துக்கப் பூசை வைக்கலாமா என்று வடக்குப்பட்டுக் கோயில் சாமியார் கேட்டபோது செல்வமேரி ஒருத்திதான் மறித்தாள்.

"எங்கனா கரை ஒதுங்கியிருப்பான்."

அவள் வீட்டில் 'படகு வரல' என்பதோடு பேச்சை நிறுத்திக்கொள்ள வேண்டும். தாவீது ஒருநாள் அதற்கு மேல் ஒரு சொல் எடுத்தான். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனாள்.

டிசம்பரில் வடக்குப்பட்டுக் கோயில் மைதானத்தில் கிறிஸ்துமஸ் போட்டிகள். பெண்களுக்கான சொற்புதிரில் முதல் பரிசு தையல் மெஷின். கன்னியர் மடத்தில் தையல் கற்றவள் செல்வமேரி. அந்த மெஷின் வீட்டுக்கு வந்தால் சூளைக்குப் போக வேண்டாம், பிள்ளை தங்கும்.

நடத்தியவர் ஜெபதாஸ் வாத்தியார், ஊருக்குப் புதியவர். போன வருஷம் வேறொருவர் நடத்திய புதிருக்குத் தலைப்பு பூக்கள், இந்த வருஷம் இவர் வைத்தது கடல். கரும்பலகையில் ஆறு வரிக் கட்டங்கள். அவர் குறிப்புச் சொல்வார், முதலில் கை தூக்கியவள் மைக்கில் விடை சொல்வாள். ஒவ்வொரு வரியிலும் ஒரு கட்டத்தைச் சுற்றி வட்டம். வட்டங்களில் விழும் எழுத்துகளை மேலிருந்து கீழாகப் படித்தால் கடைசிச் சொல். அதை எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம், தப்பானால் ஆள் வெளியே. வரி விடைகளுக்குப் பரிசு சோப்பு டப்பா. கடைசிச் சொல்லுக்குத்தான் மெஷின். அந்தச் சொல்லுக்கும் பலகையின் மேல் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: 'புயலில் படகு...'

மரங்களைச் சேர்த்துக் கட்டியது? கட்டுமரம் என்று செல்வமேரியே சொன்னாள். 'க'. இன்ஜின் வைத்தது? விசைப்படகு. 'வி'. அடி காணாத இடம்? ஆழ்கடல். 'ழ்'.

மீதி மூன்று எழுத்தும் அவளுக்குத் தெரிந்துவிட்டன. கையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுச் சந்திரம்மாள் முழங்கையால் இடித்தாள். "இன்னாடி, குந்திக்கினே தூங்கறியா? நீ பொறந்த எடத்துக் கேள்விடி இது."

"தெரியலக்கா."

"ஒனக்கே தெரியலன்னா நாங்கள்லாம் ஏரியில மாடு கழுவறவங்க. எங்களுக்கு இன்னா தெரியும்?"

அடுத்தது இந்தியப் பெருங்கடல். 'ந்'. வலையை மிதக்க வைப்பது தக்கை. 'த'. முன்வரிசையில் ஒருத்தி உதடு அசைத்து எழுத்துக் கூட்டினாள். கூட்டி முடித்து, செருப்பைத் தேடிக் கால் துழாவினாள்.

செல்வமேரி எழுந்தாள். நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு போய் மைக்கைப் பிடித்தாள்.

"கவிழ்ந்தது."

பனைமரத்தில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி அதை ஊருக்கே சொன்னது. ஜெபதாஸ் ஆறாவது வரியில் தானே 'துடுப்பு' என்று எழுதி, 'து'வை வட்டத்தில் காட்டினார். சந்திரம்மாள்தான் முதலில் கை தட்டினாள். இரண்டு தட்டு தட்டியவள், என்ன சொல் என்பது உறைத்ததும் நிறுத்திக்கொண்டாள்.

தாவீது மாட்டுவண்டி கேட்டு வாங்கிவந்தான். மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடிக்கப் போனவளைத் தடுத்தான். "நீ தூக்காத. தள்ளு."

நகர்ந்து நின்றாள். மெஷின் வண்டியில் ஏறியதும் சொன்னாள்: "நீ வூட்டுக்குப் போ. நான் சாமியாரப் பாத்துட்டு வர்றேன்."

"இன்னாத்துக்கு?"

"டெனிசனுக்குப் பூசை வெக்கணும். பேரு குடுக்கணும்."

அவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு கோயில் பக்கம் நடந்தாள்.