ஹெர்மெலிந்தாவின் முத்தான கையெழுத்து

ஹோண்டுராஸ் மலைகளுக்குள் ஓடும் துலாப்பா ஆற்றங்கரையில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள் ஹெர்மெலிந்தா ஒருத்திதான். காப்பி மூட்டையில் பெயர் எழுதவும் கல்லறைச் சிலுவையில் பெயர் எழுதவும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். முத்து முத்தான எழுத்து. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அந்தத் தலைக்கனம்தான் ஊரைக் கவிழ்த்தது.

அணை கட்ட வந்த கம்பெனிக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு, கோழியும் சோறும் கொடுத்து, வந்தவர்கள் பெயர் வேண்டுமென்று ஒரு தாளை நீட்டினார்கள். ஒவ்வொருவராகக் கைநாட்டு வைத்தால் சோறு ஆறிவிடும் என்று இவளே பேனாவைப் பிடுங்கி நாற்பத்திரண்டு பெயரையும் எழுதினாள். அச்சடித்த மாதிரி இருக்கிறது என்று ஒருவன் புகழ்ந்தான். பூரித்துப்போனவள், தாளின் தலைப்பில் பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்கவில்லை. ஊரில் படிக்கத் தெரிந்த ஒரே ஆள்!

அணைக்குச் சம்மதிக்கிறோம் என்று இருந்தது அதில். மூன்றே மாதத்தில் புல்டோசர்கள் வந்தன. கம்பெனிக்காரன் வேறொரு தாளில் கள்ளத்தனமாகப் பெயரெழுதிக் காட்டுகிறான் என்று சொல்லி ஊரே ஆற்றுப் பாலத்தை மறித்து உட்கார்ந்தது. ஹெர்மெலிந்தா வாயே திறக்கவில்லை. மறியலில் இருந்தவர்களுக்குத் தினமும் பீன்ஸ் வேகவைத்து, சோள ரொட்டி சுட்டுப் போட்டாள். யாராவது நல்லாயிருக்கு என்றால் முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொள்வாள். வெட்கம் அவளைத் தின்றது.

விசாரிக்க வந்த அதிகாரி, எழுதியது யாரென்று தெரியாமல் தாளைத் தள்ளுபடி செய்ய முடியாது என்று பாலத்தில் வைத்தே சொல்லிவிட்டார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என் எழுத்துங்கய்யா அது. இவங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது. நான்தான் மேல என்ன போட்டிருக்குன்னு படிக்காம எழுதிட்டேன்."

தாள் செல்லாது என்று அதிகாரி எழுதிக்கொண்டு போனார். யாரும் கை தட்டவில்லை. பக்கத்து வீட்டுத் திமோத்தேயா சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"எங்க மூட்டையில வருஷாவருஷம் பாக்கற எழுத்துதானே அக்கா. படிக்கத்தான் தெரியாது, கண்ணு தெரியாதா? நீயா சொல்லட்டும்னுதான் இத்தனை நாளா உன் பீன்ஸைத் தின்னுட்டுக் கெடந்தோம்."

ஹெர்மெலிந்தாவுக்குப் பாலத்திலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது.

மறுநாள் அணை வேண்டாமென்று டவுன் வக்கீல் எழுதிய மனு வந்தது. தலைப்பு முதல் அடியில் இருந்த பொடி எழுத்து வரை இரண்டு தடவை உரக்கப் படித்தாள். மைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவரையும் கைநாட்டு வைக்கச் செய்தாள். கடைசியில் அவள் முறை வந்தபோது திமோத்தேயா பேனாவை நீட்டினாள்.

அவள் அதை வாங்கவில்லை. கட்டைவிரலை மையில் அழுத்தினாள்.