நடு அட்டி அம்மிணி

சாயாக்கடையின் பிஸ்கட் ஜாடிக்குள் அம்மிணியின் கை முழங்கை வரை போயிருக்கிறது. மேலே இருக்கும் நல்ல பிஸ்கட்டுகளை ஒதுக்கிவிட்டு, நடுவில் எங்கிருந்தோ ஒன்றை உருவி எடுக்கிறாள். கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு தெருவைப் பார்க்கிறார். வருஷக்கணக்கில் சொல்லிப் பார்த்து அலுத்துப்போனவர் அவர். அம்மிணி பிஸ்கட்டைச் சாயாவில் முக்கியபடி என்னிடம் நியாயம் சொல்கிறாள்: "மேல இருக்கறது ஆளுக்குக் காட்டறதுக்கு வெச்சது சாரே. சரக்கு எப்படீன்னு நடுவில கை விட்டாத்தான் தெரியும், கேட்டோ."

வாழைப்பழச் சீப்பு, மத்தி மீன் கூறு, ரேஷன் அரிசி, எல்லாவற்றிலும் இதே கதைதான். கொச்சியில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிடங்கில் தரம் பிரிக்கிறாள். நாற்பத்து மூன்று வயது. சுக்கை வெளுக்கத் தடவும் சுண்ணாம்பு ஏறி அவள் உள்ளங்கை ரேகையெல்லாம் வெளுத்துக் கிடக்கும். மூட்டைகள் அடுக்கிய அட்டிக்குள் கையை நுழைத்து, "இதுக்கு ஜுரம் இருக்கு, பிரிச்சு உலர்த்துங்கோ" என்று அவள் சொன்னால் மேஸ்திரி மறுபேச்சு பேசுவதில்லை. சரியாகக் காயாத சுக்கை நெருக்கி அடுக்கினால் அட்டியின் நடுவில் சூடு பிறக்கும். அப்புறம் பூசணம், அப்புறம் கரி. வெளியே இருக்கும் மூட்டை கடைசி வரை சிரித்துக்கொண்டிருக்கும்.

தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து முனிசிபாலிட்டி துப்புரவு வேலைக்கு வந்த குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டதோடு படிப்பு முடிந்தது. தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆனாலும் இதில் நான் ஏதாவது தப்பாக எழுதினால் கண்டுபிடித்துவிடுவாள் என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன்.

சாயா முடிந்ததும் அவள் போகிற இடம்தான் விசேஷம். படகு ஜெட்டிக்குப் போகிற சந்தில் சிவசங்கரன் ஒரு இன்டர்நெட் கஃபே வைத்திருக்கிறான். நான் பத்திரிகைகளுக்குக் கட்டுரை அனுப்புவது அங்கிருந்துதான். அம்மிணி தினமும் ஆறு மணிக்கு வந்து கஃபேயைப் பெருக்கித் துடைப்பாள். அதற்குப் பதிலாக ஏழாம் நம்பர் கம்ப்யூட்டர் ஒரு மணி நேரம் அவளுக்கு. கீபோர்டில் சுக்கு வாசம் ஏறிவிட்டது என்று சிவசங்கரன் புலம்புவான். "ஜலதோஷம் புடிச்சவங்களை அங்கே இருத்து. மருந்துக்காசு மிச்சம்" என்பாள் அம்மிணி.

அந்த ஒரு மணி நேரத்தில் அவள் யாருக்கும் மெயில் அனுப்புவதில்லை, ஜாதகம் பார்ப்பதில்லை. 'தோர்வால்' என்ற விளையாட்டில் கிடக்கிறாள். மந்திரவாதிகளும் வாள்வீரர்களும் உலவும் ஒரு மாய உலகம் அது. எங்கெங்கோ இருக்கிற ஆயிரக்கணக்கான பேர் ஒரே சமயத்தில் அதற்குள் நடமாடுகிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்பு, 2004இல், யாரோ ஒருவன் ஆட்டத்தை மூடாமல் எழுந்து போயிருக்கிறான். பெருக்க வந்த அம்மிணி திரையில் ஒரு பெரிய கருங்குவியலையும், அதன் ஓரத்தை ஒருவன் கொத்திக்கொண்டிருப்பதையும் பார்த்தாள். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிவசங்கரனைக் கூப்பிட்டாளாம். "யாருடா இந்த மண்டன்? குவியலை ஓரத்தில குத்தறான்!"

அந்தக் குவியல் ஓரித் என்கிற கல். தோர்வாலில் அதுதான் உயிர்நாடி. நீலமாக ஒளிரும், காயத்தில் வைத்தால் ஆறும், விளக்கில் போட்டால் நூறு வருஷம் எரியும். விளையாட்டின் மூன்றாம் பாகத்தில் அந்தக் கல் கெட்டுப்போகிறது. கறுத்து, தொட்டவன் உயிரை உறிஞ்சத் தொடங்குகிறது. ஏன் கெட்டது என்று விளையாட்டை உண்டாக்கியவர்கள் சொல்லவில்லை. விடுவார்களா ரசிகர்கள்? இதற்கென்றே இணையத்தில் ஒரு மன்றம் வைத்துக்கொண்டு இரவு பகலாக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பூமிக்கடியில் பூதம் மூச்சு விட்டது என்பார் சிலர். நட்சத்திரம் விழுந்தது என்பார் சிலர். ஆனால் முக்கால்வாசிப் பேர் நம்புவது வேறொன்றை. சுரங்கத் தொழிலாளிகளின் கை பட்டுத்தான் கல் கெட்டது என்கிறார்கள் அவர்கள். விளையாட்டுக்குள் ராஜாவே அப்படித்தான் முரசறைகிறார். அன்றிலிருந்து தோர்வாலில் சுரங்கத் தொழிலாளி எவனும் கையுறை இல்லாமல் நடமாடக் கூடாது.

"கை அழுக்காம்!" என்று முதல் நாள் என்னிடம் சொன்னபோது அம்மிணியின் மூக்கு விடைத்தது. "வெட்டினது அவன், கழுவினது அவன், சுமந்தது அவன். முதல் பாகத்தில, ரெண்டாம் பாகத்தில எல்லாம் அதே கைதானே தொட்டுது? அப்போ கெடாத கல்லு இப்போ கெடுமோ?"

"அப்புறம் எப்படித்தான் கெட்டுது?"

"முதல் பாகத்தில ஒரு போர்டு இருக்கு சாரே. கல்லை ஆத்தில கழுவி ஏழு நாள் மணல்ல ஆறப்போடணும்னு எழுதியிருக்கு. மூணாம் பாகத்தில அதே எடத்தில, வெட்டின அன்னிக்கே அனுப்பணும்னு வேற போர்டு. ராஜாவுக்கு யுத்தம் வருது, ஸ்டாக் வேணும். ஈரக் கல்லைக் கொண்டுவந்து கூரை முட்ட அட்டி போட்டாச்சு. காத்து போக வழியில்ல. உள்ளே புழுங்காம பின்னே? மனசிலாச்சோ?"

நான் சிரித்துவிட்டேன். மாயக்கல்லுக்குச் சுக்கு வைத்தியமா என்று கேட்டுவிட்டேன். அவள் கோபப்படவில்லை. தூசி துடைத்த துணியை மடித்து வைத்துவிட்டு, 1998 ஜூன் மாதக் கதையைச் சொன்னாள்.

அப்போது வேறொரு கிடங்கில் இருந்தாள். கப்பலுக்கு நேரமாகிவிட்டது என்று முதலாளி மழையில் வந்த அரைக்காய்ச்சல் சுக்கை அப்படியே வாங்கி, பலகை கூடப் போடாமல் சுவரோரம் பன்னிரண்டு மூட்டை உயரம் அடுக்கச் சொன்னார். இரண்டு வாரத்தில் நாற்றம் கிளம்பியது. மானேஜர் ஆறு பெண்களையும் வரிசையாக நிற்கவைத்துக் கையை நீட்டச் சொன்னார். சோறு தின்ற ஈரக்கையோடு சரக்கைத் தொட்டதால் வந்த கேடு என்று ஒரு காகிதம் தயாராக இருந்தது. ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் வேலை உண்டு. ஐந்து பேர் கையை நீட்டினார்கள், கையெழுத்தும் போட்டார்கள். அம்மிணி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "முதல்ல அட்டியைப் பிரிங்கோ. பின்னே கையைப் பார்க்கலாம்" என்றாள். அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்துத்தான் அட்டியைப் பிரித்தார்கள். மேல் மூட்டைகள் பழுதில்லாமல் இருந்தன. நடுவில் எல்லாம் கரி. கையெழுத்துப் போட்ட ஜெயலக்ஷ்மி வீடு தேடி வந்து இதைச் சொல்லி அழுதாளாம். ஆனால் பஜாரில் பேர் போனது போனதுதான். 'கை ராசியில்லாதவள்' என்று ஒன்றரை வருஷம் எந்தக் கிடங்கும் அம்மிணியைச் சேர்க்கவில்லை. அந்தக் காகிதம் இன்னும் எங்கோ ஒரு அலமாரியில் இருக்கும் என்கிறாள். இதைக் கேட்டபிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை, வெட்கமாக இருந்தது.

மன்றத்தில் வெறுமனே பேசினால் எவன் கேட்பான்? சாட்சி வேண்டும் என்று முடிவுசெய்தாள். ராஜாவின் பண்டகசாலையில் இருக்கும் அந்தக் கருங்குவியலின் நடுவுக்குப் போக வேண்டும். அதுவரை யாரும் போனதில்லை, ஏனென்றால் பத்துக் கொத்துக்குள் ஆள் செத்துவிடுவான். ஆனால் அம்மிணி ஒன்றைக் கவனித்திருந்தாள். செத்தவன் மறுநாள் ஊர்க்கோடியில் மறுபடி பிழைத்து வருவான். அவன் வெட்டிய குழி வெட்டியபடியே கிடக்கும். விளையாட்டுக்குள் அவளுடைய ஆள் ஒரு வைத்தியன், இரண்டு வருஷம் வளர்த்தது, நல்ல கவசம், நல்ல குதிரை. தினம் ஒரு தடவை அவனைக் கூட்டிப்போய்ப் பத்துக் கொத்து கொத்துவாள். அவன் விழுவான். "இன்னிக்கு மோட்சம் கிடைச்சாச்சு" என்று சிவசங்கரனுக்கு அறிவித்துவிட்டு எழுந்துவிடுவாள். அவள் புருஷன் செல்லதுரை தள்ளுவண்டியை வாசலில் நிறுத்திவிட்டு ஒருநாள் எட்டிப் பார்த்தார். "எங்க வீட்டுப் பொம்பளை கல்லுக்கு வேண்டி தினம் சாகறா சாரே. எனக்கு வேண்டி ஒரு சாயா போடமாட்டா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாற்பத்து மூன்றாவது சாவில் நடு வந்தது. நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். குவியலின் வெளிக்கற்களில் இன்னும் மங்கிய நீலம் இருந்தது. உள்ளே போகப்போகக் கறுப்பு. நட்டநடுவில் கல் உருகிக் குழம்பாகி, ஆவி பறந்துகொண்டிருந்தது. கை பட்டுக் கெட்டிருந்தால் மேலேயல்லவா முதலில் கறுத்திருக்க வேண்டும்? "கண்டோ? ஜுரம்!" என்று கத்தினாள் அம்மிணி. மற்ற கம்ப்யூட்டர்களில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் அந்தத் திரையின் படத்தோடு மன்றத்தில் எழுதினாள். ஒற்றை விரலால், இங்கிலீஷில், எல்லாம் பெரிய எழுத்தில், ஒரு மணி நேரம். இலக்கணத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். ஆனால் சொல்ல வந்தது தெளிவாக இருந்தது: கல்லைக் கெடுத்தது கை இல்லை, அடுக்கச் சொன்னவன். முதல் இரண்டு நாள் கேலி. கல் என்ன காய்கறியா என்றான் ஒருவன். மூன்றாம் நாள் யாரோ ஒரு ஆள் அந்தக் குழிக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, இவள் சொல்வது சரியாக இருக்கிறதே என்று எழுதினான். அதோடு சண்டை மூண்டது. தொழிலாளிகளின் கைதான் காரணம் என்று வருஷக்கணக்கில் பக்கம் பக்கமாக எழுதிப் பேர் வாங்கியவர்தான் மன்றத்தின் காப்பாளர். கிரேகௌல் என்று புனைபெயர். ஆட்டக்காரர்களின் கணக்கை மூடுகிற அதிகாரத்தையும் விளையாட்டுக் கம்பெனி அவருக்குக் கொடுத்திருந்தது. அவருக்குப் பொறுக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை அவரிடமிருந்து அம்மிணிக்குத் தனியாக ஒரு கடிதம் வந்திருந்தது. சிவசங்கரன்தான் படித்துச் சொன்னான். "சேச்சி, நீங்க எழுதினது விளையாட்டுக்குச் சொன்னதுன்னு ஒத்துக்கணுமாம். ஒத்துக்கிட்டா அதைத் தமாஷ் பகுதிக்கு மாத்திட்டு உங்களை இருக்க விடுவாங்க. இல்லேன்னா மன்றமும் போச்சு, உங்க வைத்தியனும் போச்சு. கணக்கையே மூடிடுவாங்களாம்." கடிதத்தின் அடியில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று சம்மதம், மற்றது மறுப்பு.

அம்மிணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வைத்தியன் திரையின் மூலையில் குதிரையோடு நின்றுகொண்டிருந்தான். இரண்டு வருஷம் தினம் பெருக்கித் துடைத்துச் சம்பாதித்த ஆள்.

"சம்மதிச்சுடுங்க சேச்சி" என்றான் சிவசங்கரன். "தமாஷ் பகுதியானாலும் எழுதினது அங்கே இருக்கும் அல்லோ? எங்க இருந்தா என்ன?"

"காகிதம் எங்க இருந்தா என்ன, அடியில கையெழுத்து என்னோடது அல்லோ?" என்றாள் அம்மிணி. "பேரை அழிக்கட்டும். நான் வெட்டின குழியை அவன் எப்படி அழிப்பான்?"

மறுப்பை அழுத்தினாள். திரை ஒரு நொடி வெறுமையானது. வைத்தியன், குதிரை, கவசம், ஒன்றும் இல்லை.

அவள் எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். மணியைப் பார்த்தாள், இன்னும் இருபது நிமிஷம் பாக்கி இருந்தது. புதிதாகச் சேருகிற பக்கத்தைத் திறந்து, அம்மிணி என்ற பேரையே கொஞ்சம் மாற்றி அடித்தாள். எந்தத் தொழில் என்று விளையாட்டு கேட்டது. வீரன், மந்திரவாதி, வைத்தியன், கடைசியில் யாரும் தொடாத சுரங்கத் தொழிலாளி. கடைசியைத் தேர்ந்தெடுத்தாள். கையில் ஒரு கடப்பாறையோடு, கிழிந்த சட்டையும், ராஜாவின் உத்தரவுப்படி இரண்டு கையிலும் கையுறையும் போட்டுக்கொண்டு, ஆற்றங்கரையில் ஒரு ஆள் வந்து நின்றான்.

அம்மிணி மவுஸைப் பிடித்துக் கையுறையைக் கழற்றினாள். வெறுங்கையோடு போனால் உயிர் இரட்டை வேகத்தில் குறையும், நிச்சயம்தானா என்று திரை எச்சரித்தது. ஆமாம் என்று அழுத்தினாள். கையுறைகளை ஒவ்வொன்றாக இழுத்துப்போய் ஆற்றில் போட்டுவிட்டு, ஆளைப் பண்டகசாலைப் பக்கம் நடத்தினாள்.