மகளின் ஸ்ட்ரீக்கும் மன்னார்புரத்துப் பாகற்காயும்

மகள் அறைக்குள் போய் மூன்று மணி நேரமாகப் படிக்கிறாள் என்று நிம்மதியாக இருந்தேன். எட்டிப் பார்த்தால், போன் வீடியோவில் வேறொரு பெண் மேசை விளக்கடியில் படித்துக்கொண்டிருந்தாள். என் மகள் கன்னத்தில் கைவைத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படிக்க மூடு வரதுக்கும்மா."

மூடு வந்தது. கணக்கு வரவில்லை. அரியர் விழுந்தது. இன்னொரு முறை தேறாமல் போனால், கல்லூரிக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகளின் முன்னால் உட்காரவே முடியாது.

அரியர் தேர்வுக்குப் பதினைந்து நாள் இருக்கையில் அவளே போனை என் கையில் வைத்தாள்.

"ஒரே ஒரு வேலைம்மா. என் ஃபிரெண்டோட ஸ்ட்ரீக் ஓடுது. தினமும் அவ ஒரு போட்டோ, நான் ஒரு போட்டோ. ஒரு நாள் விட்டாலும் ஜீரோ. நானூறு நாள் ஆச்சு."

"என்ன போட்டோ அனுப்பறது?"

"எதுனாலும். சுவரு, ஃபேன். யாரும் பாக்க மாட்டாங்க."

"யாரும் பாக்காத படத்தையா நானூறு நாளா அனுப்புறீங்க?"

"நீ மட்டும் யாரு படிக்கிறாங்கன்னு கவிதை எழுதுறம்மா?"

போனை வாங்கிக்கொண்டேன்.

அந்தத் தோழி மன்னார்புரத்துப் பெண். அதே கணக்கில் அவளுக்கும் அரியர். முதல் நாள் நான் சுவரை அனுப்பினேன். அங்கிருந்து ஒரு தரை வந்தது. மறுநாள் ஃபேன், பதிலுக்குத் தரையில் கிடந்த ஒற்றைச் சாக்ஸ். பாவம், தேர்வுப் பயத்தில் தலை குனிந்தே கிடக்கிறாள் போல என்று மனசு அடித்துக்கொண்டது. காலையில் கொள்ளிடக்கரைக்கு நடந்தேன். மணலில் படுத்திருந்த மெலிந்த நீர், அதன்மேல் மெல்ல நடந்த வெயில், ஒற்றைக்காலில் ஒரு கொக்கு. அனுப்பினேன். ஐந்தே நிமிடத்தில் ஒரு பாகற்காய் வந்தது, முதலைக்குட்டி போல வரிவரியாய், முதுகில் ஈரத்தோடு. என்ன அழகான பாகற்காய்!

அப்புறம் என் கால் தரையில் நிற்கவில்லை. எங்கள் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரக் கிளிகள், உத்திர வீதிக் கோலத்தின் மேல் படுத்திருந்த மாடு, ஒன்றாம் நம்பர் பஸ்ஸின் ஜன்னலில் ஓடிய காவிரி. அங்கிருந்து ஆவி பறக்கும் இட்லித்தட்டு, மழைக்கு முந்தைய மொட்டைமாடி. இங்கே அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. உள்ளிருந்து மகள் குரல் கொடுத்தாள்: "அம்மா, போனை வச்சிட்டு அடுப்பைப் பாரு."

பத்தாம் நாள்தான் உறைத்தது. இத்தனை படம் எடுப்பவள் எப்போது படிக்கிறாள்? கொக்கைக் காட்டி ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுத்துக்கொண்டிருக்கிறேன். அன்றிலிருந்து வெறும் சுவராக அனுப்பினேன். அங்கிருந்தும் தரை மட்டுமே வந்தது. சரி, படிக்கிறாள் என்று ஆறுதல்பட்டேன். ஆனால் அந்த ஐந்து நாளும் சோறு இறங்கவில்லை.

தேர்வன்று மகளை உள்ளே அனுப்பிவிட்டுக் கல்லூரி வாசல் வேப்பமரத்தடியில் நின்றேன். பக்கத்தில் என் வயதில் ஒரு பெண்மணி, கையில் காய்ப்பை. எந்தப் பாடம், எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

"ஸ்ரீரங்கமா? என் பொண்ணோட ஃபிரெண்டு ஒருத்தி அங்கதாங்க இருக்கா. தப்பா நினைக்காதீங்க, அந்தப் பொண்ணு தேறாதுங்க. நாள் பூரா கோபுரத்துல கிளி எண்ணிக்கிட்டிருந்தா எங்கேர்ந்து படிக்கிறது? நம்மால ஏன் கெடணும்னு நான்தான் கடைசியில தரையா அனுப்பிக்கிட்டு இருந்தேன்."

அவரையே பார்த்தேன். பிறகு காய்ப்பையைப் பார்த்தேன்.

"பாகற்காய் நீங்கதானா?"

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "அப்ப அந்தக் கொக்கு?"

"நான்தாங்க."

சிரிப்பை அடக்க முடியாமல் இருவரும் மரத்தைப் பிடித்துக்கொண்டோம். வாட்ச்மேன் விரலை உதட்டில் வைத்தார்.

இரண்டு பெண்களும் தேறிவிட்டார்கள். போனைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு வாரம் எதைப் பார்த்தாலும் கை போனைத் தேடியது. போன திங்கட்கிழமை மகள் அடுத்த செமஸ்டர் புத்தகத்தைத் திறந்தாள். போனை என் பக்கம் நீட்டினாள்.

"அம்மா, இதை நீயே வச்சிருக்கியா? நீ வச்சிருந்தாதான் எனக்குப் படிப்பு வருது."

"எனக்கு ஆயிரம் வேலை கிடக்கு," என்று சொல்லிக்கொண்டே வாங்கினேன். செருப்பை மாட்டும்போதே போனில் சத்தம் வந்தது. திறந்தேன். முற்றத்தில் பரப்பிய சின்ன வெங்காயம், அதன்மேல் காலை வெயில்.