அஞ்சினான் புகலிடம்

கூடம் முழுக்க அந்த மைப்படி விரிந்து கிடந்தது. கல்வெட்டின்மேல் ஈரத்தாளை அப்பி, மை ஒற்றி எடுத்த பிரதி. கறுப்பு வானத்தில் வெள்ளை எழுத்துகள். அக்கா அதன்மேல் குனிந்து லென்சை நகர்த்திக்கொண்டிருந்தபோதுதான் கீழ் ரூம் பெண் செருப்போடு அதை மிதித்துக்கொண்டு ஓடிவந்தாள். "டீச்சர், எங்கண்ணன் வந்திருக்கான். இழுத்துட்டுப் போயிருவான் டீச்சர்." கிழிந்த தாளை அக்கா பார்க்கவே இல்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவள் என் அக்கா. இடைக்காலத்தில் சட்டம் யார் கையில் இருந்தது, அரசனிடமா, ஊரிடமா என்பதுதான் அவளுடைய ஆயுள் கேள்வி. சில ஊர்களை 'அஞ்சினான் புகலிடம்' என்று கல்லில் வெட்டி அறிவித்திருக்கிறார்கள். பயந்து ஓடிவந்தவர் எல்லைக்குள் கால் வைத்துவிட்டால் யாரும் தொடக்கூடாது. "இரக்கம் இல்லடி இது, சட்டம்" என்பாள். அதைப் பற்றி அவள் எழுதிவந்த புத்தகத்தில் ஒரே ஓர் இயல் பாக்கி நின்றது. உள்ளே வந்தவர் எப்படி வெளியே போனார்? அவள் படித்த எந்தக் கல்லும் அதைச் சொல்லவில்லை.

அந்தப் பெண் தென்காசிப் பக்கம். ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் அசெம்பிளி லைன் வேலை. ஊரில் மாமன் மகனுக்குப் பேசி முடித்துவிட்டார்கள்; அவளுக்கு விருப்பமில்லை. போனால் திரும்ப விடமாட்டார்கள். போகாமல் எங்கள் கூடத்திலேயே கிடந்தால் லீவு ஏறி வேலை போய்விடும். போலீஸ் என்றாலே, "சமாதானம் பேசி அவங்கூடயே அனுப்பிருவாவ" என்று அழுதாள். அண்ணன்காரன் எதிர் டீக்கடையை விட்டு அசையவில்லை. படப்பை ரோட்டில் ஷேர் ஆட்டோக்கள் கத்தின. கம்பெனி பஸ்கள் வந்து நின்று, அவள் இல்லாமல் போயின. ஜன்னலைச் சாத்திக்கொண்டு, மின்விசிறி கலைத்த அதே காற்றையே நாங்கள் மூவரும் திரும்பத் திரும்பச் சுவாசித்தோம். வீட்டுக்கார அம்மா மாடியேறி வந்தார். "இன்னாம்மா டீச்சரு, வாசல்ல ஆம்பள நின்னுகினு கீறான். பொண்ண அனுப்பு. இல்லாங்காட்டி வூட்ட காலி பண்ணு."

அக்கா மைப்படியைச் சுருட்டி மூலையில் வைத்தாள். பிறகு, "கல்லுதான் நட்ட இடத்துலயே நிக்கும். நமக்குக் கால் இருக்கே" என்றாள். அந்தப் பெண்ணை யூனிபார்ம் போடச் சொன்னாள். மத்தியான ஷிப்டுக்கு இருவரும் இறங்கினார்கள். பின்னாலேயே நான்.

அண்ணன் டம்ளரை வைத்துவிட்டு வழியை மறித்தான். "எத்தன நாளைக்கு டீச்சர் காவல் காப்பிய? எங்க வீட்டுப் பிள்ளைல்லா."

"உனக்கு எத்தனை நாள் தம்பி லீவு?"

டீக்கடை சிரித்தது. அந்தச் சிரிப்பின் இடைவெளியில் பஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டது.

அவன் போனான், அவளுடைய சித்தப்பா வந்தார். அவர் போனதும் வேறு யாரோ. தினமும் அக்காவே அவளைப் பஸ் ஏற்றிவிட்டு, திரும்பக் கூட்டிவந்தாள்; ஷிப்ட் மாறமாற அக்காவின் சாப்பாடும் தூக்கமும் மாறின. கல் யாரைக் கட்டிப்போட்டது என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. ஓடிவந்தவரை அல்ல, அடைக்கலம் தரச் சரி என்று சொன்ன ஊரைத்தான்.

போன வாரம் தில்லியிலிருந்து ஓர் ஆராய்ச்சிப் பதவிக்கு அழைத்தார்கள். வாழ்நாளெல்லாம் அவள் காத்திருந்த அழைப்பு. "இப்போதைக்கு வர முடியாதுங்க" என்று போனை வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். படியடியில் அந்தப் பெண் நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"டீச்சர், இன்னைக்கு நானே போயிக்கிடுதேன்."

அக்கா எதிர்க்கடையைப் பார்த்தாள். பெஞ்சில் புது முகம் ஒன்று டீயை ஆற்றிக்கொண்டிருந்தது.

"நட, போலாம்" என்றாள்.