மீன் ஏற்றாத சைக்கிள்

ரசலையன் பயந்தாங்கொள்ளி. என் பெரியப்பா மகன்தான். அதற்காகப் பொய் சொல்ல முடியுமா? முட்டத்தில் மீன் எடுத்து, சைக்கிளில் இரணியல் சந்தைக்குக் கொண்டுபோகிறவன். ஆடியில் மேல்காற்று தள்ளிவிடுமென்று பயம். வைகாசிப் பாதியில் பிடிக்கிற எடவப்பாதி மழையில் சேறு சக்கரத்தைக் கவ்வுமென்று பயம். எல்லாவற்றையும்விட, வழியில் இருக்கிற குளத்தங்கரைப் பிள்ளைமாரைக் கண்டால் பயம். மீன் தொடாத சைவர்கள். மீன்கூடை அவர்கள் தெருவுக்குள் நுழையக் கூடாது. குளத்தின் கரைமேல் போனாலே சத்தம் போடுவார்கள். அதனால் யாராவது "ஏலே" என்று விளித்தால் போதும், இவன் தலையைக் குனிந்துகொண்டு மிதிமிதியென்று மிதிப்பான். ஆறு வருஷப் பழக்கம்.

1951 ஆனியில் அவன் பெண்டாட்டி நேசபாய்க்கு நோவு கண்டு இரண்டு நாளாகியும் பிள்ளை இறங்கவில்லை. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். பேய்மழையில் வண்டிக்காரன் மாட்டைப் பூட்ட மாட்டேன் என்றுவிட்டான். ஆஸ்பத்திரியோ இரணியலுக்கு அப்பால். ரசலையன் மீன்கூடையை அவிழ்த்து எறிந்தான். கேரியரில் சாக்கை மடித்துப் போட்டு அவளை உட்காரவைத்து, சேலையால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். ரோட்டு வழியே போனால் மூன்று மைல் சுற்று. அதனால் குளத்தங்கரையில் ஏறினான்.

அவள் முனகினால் பயம். முனகல் நின்றால் அதைவிடப் பயம்.

"ஏட்டி, என்னமாவது பேசிட்டே வா" என்றான்.

கரையின் பாதியில், கீழே தெருமுனையில் நின்ற தாணுலிங்கம் பிள்ளை கையை ஆட்டிக் கத்தினார். சும்மா நாளிலேயே இவனைக் கண்டால் வாய் ஓயாதவர். ரசலையன் தலையைக் குனிந்து மிதித்தான். கத்தல் வலுத்தது. இன்னும் வேகமாக மிதித்தான்.

நேசபாய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நம்மகிட்ட இண்ணைக்கு மீன் இல்லியே. பின்ன அவரு எதுக்கு விளிக்காரு?"

பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றினான். முன்சக்கரத்துக்கு நாலடி தள்ளிக் கரையே இல்லை. அறுத்துக்கொண்ட வெள்ளம் வயலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது.

பிள்ளை மூச்சிரைக்க ஓடிவந்தார். "காது கேக்காதால ஒனக்கு? கரை ஒடஞ்சு கெடக்கு. தெருவழியா வா, மேட்டு ரோட்டுல ஏறிரலாம்."

"தெருவழியாவா?" என்றான் ரசலையன். "சைக்கிள்ல மீன்வாடை உண்டு, ஐயா."

"நாறட்டும். நட."

நேசபாய் சாயாமல் அவர் தாங்கிப் பிடிக்க, இவன் சைக்கிளை உருட்டினான். ஆஸ்பத்திரிவரை வந்தார் மனிதர். மறுவாரமே மீன்கூடையைத் தெருவுக்குள் விட மாட்டேன் என்றார், அது வேறு கதை.

சாயங்காலம் நர்ஸம்மா துணியில் சுற்றிய பெண்குழந்தையை நீட்டினாள். தாய்க்கும் ஆபத்தில்லை என்றாள். அப்போதுதான் ரசலையனுக்கு உடம்பெல்லாம் ஆடத் தொடங்கியது.

"எனக்குக் கை வெறைக்கு. கீழ போட்டிருவேன். நீங்க பிடியுங்க ஐயா" என்றான்.

பிள்ளை ஈர வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். இவனுக்கு நடுக்கம் நிற்க விளக்கு வைக்கிற நேரமாயிற்று. அதுவரை குழந்தையை அவரே வைத்திருந்தார்.