இடப்பக்கம் பிடுங்கிய ஸ்டியரிங்

போன வாரம் எனக்குப் பல்வலி. ஒரே ஒரு நாள் எம்.சி., மருத்துவ விடுப்பு, எடுத்தேன். மறுநாள் ஆபீசுக்குப் போனால்... நான் துரத்திக்கொண்டிருந்த ‘பக்’கை, அந்தப் புரோகிராம் பிழையை, வேறொருவன் பிடித்துவிட்டான்!

கேம் விளையாடுபவர்கள் மேசையில் மாட்டிக்கொள்ளும் ஸ்டியரிங்கைப் பார்த்திருப்பீர்கள். திரையில் கார் பள்ளத்தில் இறங்கினால் கையில் அதிரும்; வளைவில் திருப்பினால் எதிர்த்துத் தள்ளும். கணினி சொல்வதை அதற்குப் புரியவைக்கும் ‘டிரைவர்’ என்ற புரோகிராமை எழுதுவதுதான் எங்கள் வேலை. அதில்தான் கோளாறு. வலப்பக்கம் திருப்பினால் ஒழுங்காக எதிர்த்தது. இடப்பக்கம் திருப்பினாலோ, இன்னும் இடப்பக்கமே பிடுங்கிக்கொண்டு போனது.

மேனேஜர் அதை என்னிடம்தான் கொடுத்திருந்தார். சனி, ஞாயிறுகூட கெலுகோரில் இருக்கும் என் வீட்டில் அதே நினைப்பு. மோட்டாரைச் சந்தேகப்பட்டேன், வயரைச் சந்தேகப்பட்டேன். நான் இல்லாத அந்த ஒரு நாளில், பக்கத்து மேசை கணேசன் முடித்துவிட்டான்.

இடப்பக்கம் என்றால் மைனஸ் எண். புரோகிராமின் நடுவில் ஒரு வரி அந்த மைனஸை முழுங்கியிருக்கிறது. அவ்வளவுதான். அந்த வரியைத் தினமும் பார்த்தேனே! வயிறு எரிந்தது. பல்வலியே தேவலை.

கணேசன் எனக்குக் கோப்பி வாங்கிவந்து வைத்துவிட்டு, “அக்கா, நீங்களே டெஸ்ட் பண்ணிப் பாருங்க லா. இத உங்கள விட யாருக்குத் தெரியும்?” என்றான். நல்ல பிள்ளைதான். அதுதான் இன்னும் எரிச்சல்.

டெஸ்ட் செய்தேன். எப்படித் தெரியுமா? அவன் திருத்தம் சொதப்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டே! பசியாறக்கூடப் போகவில்லை. கடைசியில் சிக்கியது — ஸ்டியரிங் அதிரும்போது கேமைச் சட்டென்று மூடினால், அதிர்வு நிற்கவே இல்லை. கோப்பிக் கப் மேசையில் ஆடுகிறது, எனக்கு மனம் குளிர்கிறது.

உடனே கணேசனிடம் போய்ச் சொன்னேன். முகம் சுருங்கும் என்று காத்திருந்தேன். “நல்லவேள அக்கா, இப்படியே கஸ்டமர்கிட்ட போயிருந்தா மானம் போயிருக்கும்” என்று உட்கார்ந்தவன், சாயங்காலத்துக்குள் அதையும் சரிசெய்துவிட்டான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. திருத்தத்தோடு எழுதியவர் பெயர் போகும். அதற்கு அடியில் சோதித்தவர் பெயர். மேனேஜர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். இப்படி உயிரைக் கொடுத்து யாரும் டெஸ்ட் செய்ததில்லையாம். இனி கணேசன் எழுதுவதையெல்லாம் நான்தான் சோதிக்க வேண்டுமாம்!

பொறாமையோடு செய்தாலும் வேலை சுத்தமாகத்தான் நடக்கிறது... பெயர்தான் ஒரு வரி கீழே போய்விடுகிறது.